மணிலா நாளிதழ்களின் நாலு கட்டங்களைப் படிக்கும் முறை

பிலிப்பைன்ஸ் அரசியலைக் கார்ட்டூன்களில் தேடுகிறவர்கள் நேராகத் தலையங்கப் பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே நாட்டை ஆண்ட ஜனாதிபதிகள் வரிசையாக இருப்பார்கள்: மார்க்கோஸ் இருப்பார், கோரி அக்கினோ இருப்பார், மீசையோடு எஸ்த்ராதா இருப்பார். யார் யாரைத் திட்டினார்கள் என்று தெரிந்துகொள்ள அது போதும். நாடு எப்படி மாறியது என்று பார்க்க வேண்டுமானால் இன்னும் சில பக்கங்களைப் புரட்டி, குறுக்கெழுத்துப் புதிருக்குப் பக்கத்தில் கிடக்கும் காமிக் ஸ்ட்ரிப்பை, அதாவது சில கட்டங்களில் ஓடும் படக்கதையை, பார்க்க வேண்டும்.

காரணம் மொழி. மணிலா டைம்ஸ், மணிலா புல்லட்டின், இன்குவைரர், பிலிப்பைன் ஸ்டார் என்று தலைநகரின் பெரிய நாளிதழ்கள் எல்லாம் ஆங்கில நாளிதழ்கள். செய்தியும் தலையங்கமும் வணிகப் பக்கமும் ஆங்கிலத்தில்தான். வாங்கிப் படிக்கிறவரோ வீட்டிலும், ஜீப்னி என்ற பயணிகள் வண்டியிலும், மணிலா வட்டாரத்து மொழியான தகலோகும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறவர். அந்தப் பேச்சு, பேசுகிற மாதிரியே அச்சேறிய இடம் அநேகமாகக் காமிக்ஸ் பக்கம் மட்டும்தான். வேலைக்காரி முதலாளியிடம் எப்படிப் பேசுகிறாள், மாணவன் பேராசிரியரிடம் எந்த இடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவுகிறான், போலீஸ்காரரைக் கண்டால் யாருடைய குரல் தணிகிறது என்பதெல்லாம் செய்தி அறிக்கையில் வராது. பேச்சுக் குமிழில் வரும். ஜனாதிபதியின் மூக்கை எவ்வளவு பெரிதாக வரைந்தார்கள் என்பதைவிட எனக்கு இது பெரிய ஆவணம்.

தேசிய வீரர் ரிசாலில் தொடங்குவது வழக்கம். 1880களில் பாரிஸில் இருந்தபோது ஹோசே ரிசால் ஆமையும் குரங்கும் கதையைக் கட்டம் கட்டமாக வரைந்தார் என்பது உண்மைதான். ஆனால் அது ஒரு தோழியின் ஆல்பத்தில் போட்ட ஓவியம், ஆயிரக்கணக்கானோர் காத்திருந்து படித்த தொடர் இல்லை. நம் கணக்கு 1929 ஜனவரி 11இல் ஆரம்பிக்கிறது. அன்றுதான் லிவாய்வாய் என்ற தகலோக் வார இதழில் கென்கோய் என்ற பாத்திரம் வந்தான். படம் டோனி வெலாஸ்கெஸ், எழுத்து ரொமுவால்டோ ராமோஸ். நாளிதழ் இல்லையே என்று கேட்கலாம். பின்னால் வந்த நாளிதழ் ஸ்ட்ரிப்புகள் எல்லாம் இவன் போட்ட பாதையில் நடந்தவை என்பதால் இவனை விட்டுவிட்டுத் தொடங்க முடியாது.

கென்கோயைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். எண்ணெய் வழிய வாரிய தலை, தொளதொளக்கும் கால்சட்டை, பளபளக்கும் தோல் ஷூ, கையில் உகுலேலே. வாயைத் திறந்தால் தகலோகும் ஸ்பானிஷும் உடைந்த ஆங்கிலமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழும். எதிரே அவன் காதலி ரோசிங், பாரம்பரிய பாரோட் சாயா உடையில். அமெரிக்கர்கள் 1901 முதல் அரசுப் பள்ளிகளை ஆங்கிலத்தில் நடத்தி, அதில் படித்த ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்ட நேரம் அது. அவன் அமெரிக்காவை உடம்பில் மாட்டிக்கொள்கிறான், அவள் மாட்டிக்கொள்ளவில்லை. ஒரே கட்டத்துக்குள் இரண்டு நாடுகள் நின்று ஒன்றை ஒன்று காதலிக்கின்றன.

இதை அமெரிக்க மோகத்தின் கேலி என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. பாதிதான் சரி. வாசகர்கள் கென்கோயைக் கேலி செய்ததைவிடக் கொண்டாடியதே அதிகம். அவன் ஆங்கிலத்தைத் தப்பாகப் பேசுகிறான், ஆனால் கூச்சமே இல்லாமல் பேசுகிறான். ஆள்கிறவனின் மொழியைத் தன் வசதிக்கு உடைத்துக்கொள்கிற துணிச்சல் அதில் இருக்கிறது. பிஸாயா போன்ற வட்டார மொழி இதழ்களிலும் அவன் வந்தான் என்பதால், தகலோக் பேசாதவர்களுக்கும் தெரிந்த முதல் பொது முகங்களில் ஒன்று அவனுடையது.

1942 ஜனவரியில் ஜப்பானியப் படை மணிலாவுக்குள் நுழைந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மற்றக் கட்சிகளுக்கு இடமில்லாமல் செய்து கலிபாபி என்ற ஒற்றை அமைப்பு உருவாக்கப்பட்டது. ஜப்பானியர் பிடியில் தொடர்ந்து வெளிவந்த ட்ரிப்யூன் நாளிதழில் அதே பெயரைச் சுமந்துகொண்டு ‘கலிபாபி குடும்பம்’ என்று ஒரு ஸ்ட்ரிப் வந்தது. வரைந்தவர் அதே வெலாஸ்கெஸ். கென்கோயை வரைந்த கைதான், ஆனால் ஆள் மாறிவிட்டது போலிருக்கும். அரசு எப்படிப்பட்ட குடும்பத்தை விரும்பியதோ அப்படிப்பட்ட குடும்பம் அதில் இருக்கிறது.

ஒரு ஸ்ட்ரிப் அரசின் குரலில் பேசுகிறதா என்று சோதிக்க நான் பார்ப்பது கடைசிக் கட்டத்தை. அங்கே மூக்குடைபடுவது யார்? சாதாரண ஸ்ட்ரிப்பில் பெரும்பாலும் மேலே இருப்பவருக்கு மூக்கு உடையும்: அப்பாவுக்கு, முதலாளிக்கு, ஊர்த் தலைவருக்கு. பிரசார ஸ்ட்ரிப்பில் மூக்குடைபடுவது சோம்பேறி, வதந்தி பரப்புகிறவன், சொன்ன பேச்சு கேளாதவன். பத்து ஸ்ட்ரிப்பை வரிசையாக வைத்து இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், வேறு கோட்பாடு எதுவும் வேண்டாம்.

போருக்குப் பின் வந்த காமிக்ஸ் இதழ்கள், டார்னா போன்ற நாயகிகள், வாடகைக்கு விட்டுப் படித்த பழக்கம் எல்லாம் தனிக் கடல். நாளிதழுக்கே வருவோம்.

1963இல் மணிலா டைம்ஸில் நோனோய் மார்செலோ டிசோய் என்ற பாத்திரத்தைக் கொண்டுவந்தார். கலப்பின முகம், நகரத்து இளைஞன், வாய்க்கொழுப்பு. அதுவரை காமிக்ஸில் இளைஞர்கள் பெரியவர்கள் எழுதிய வசனத்தைப் பேசினார்கள். டிசோயும் அவன் கூட்டாளிகளும் தெருமுனையில் அந்த வாரம் புழங்கிய பேச்சைப் பேசினார்கள். 1970இன் முதல் மூன்று மாதங்களில் மணிலா வீதிகளை மாணவர் போராட்டம் உலுக்கியது. அந்தத் தலைமுறை அதற்கு முன்னால் எப்படிச் சிரித்தது, யாரை மதிக்கவில்லை என்பதை டிசோயில் பார்க்கலாம். போராட்டத்துக்கு முந்தைய ஏழு ஆண்டுகளின் அலட்சியம், நையாண்டி, பெரியவர்கள்மீதான அவநம்பிக்கை எல்லாம் அதில் சேர்ந்துகொண்டே வருகிறது.

1972 செப்டம்பர் 21 தேதியிட்டு மார்க்கோஸ் ராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். நாட்டுக்குத் தெரிந்தது 23ஆம் தேதி. மணிலா டைம்ஸ், மணிலா க்ரானிக்கிள், ஃப்ரீ பிரஸ் எல்லாம் மூடப்பட்டன. தொடர்ந்து வெளிவர அனுமதி பெற்ற டெய்லி எக்ஸ்பிரஸ் மார்க்கோஸின் நெருங்கிய கூட்டாளி ஒருவருடையது. இந்தக் காலத்து ஸ்ட்ரிப்புகளைப் படிக்கும்போது பலர் தடுமாறுகிறார்கள். எதிர்ப்பைத் தேடுவார்கள், கிடைக்காது, உடனே ‘அடிபணிந்துவிட்டார்கள்’ என்று எழுதிவிடுவார்கள். தேட வேண்டியது வேறு.

லாரி அல்காலாவை எடுத்துக்கொள்வோம். 1980இல் அவர் தொடங்கிய ‘ஸ்லைஸ் ஆஃப் லைஃப்’ வந்தது டெய்லி எக்ஸ்பிரஸின் ஞாயிறு இதழான வீக்கெண்டில், அதாவது ஆட்சியாளர் வீட்டுத் திண்ணையிலேயே. பக்கம் முழுக்க ஒரே காட்சி: ஊர்த் திருவிழா, சந்தை, பேருந்து நிலையம், பள்ளி திறக்கும் நாள். உயரத்திலிருந்து பார்ப்பது போன்ற கோணம். கூட்டத்துக்குள் எங்கோ கண்ணாடியும் கிருதாவும் மீசையுமாக அல்காலா தன் முகத்தை ஒளித்து வைத்திருப்பார். அதைக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு.

தந்திரமும் அதுதான் என்பது என் எண்ணம். அவர் முகத்தைத் தேடுகிற வாசகர் பக்கத்தின் ஒவ்வொரு அங்குலத்தையும் மேய வேண்டியிருக்கிறது. அப்படி மேயும்போது கண்ணில் படுவது என்ன? ஜனாதிபதியின் மனைவி இமெல்டா மார்க்கோஸ் ‘உண்மை, நன்மை, அழகு’ என்று முழங்கிக்கொண்டிருந்த நாட்டின் நெரிசலும் இல்லாமையும் சமாளிப்பும். ஒரு வரி வசனம்கூட அரசைத் தொடாது. படத்தை ஒன்பது சதுரங்களாக மனதில் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் யார் விற்கிறார், யார் காத்திருக்கிறார், யார் சும்மா நிற்கிறார் என்று எழுதிப் பாருங்கள். வேலையில்லாதவர் எண்ணிக்கை அரசு அறிக்கையில் வருவதற்கு முன்னால் அங்கே நிற்கும். அல்காலாவுக்கு 2018இல்தான், இறந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, தேசியக் கலைஞர் பட்டம் கிடைத்தது. அதற்கே அவ்வளவு நாள்.

மார்செலோ வேறு வழியில் போனார். நியூயார்க்கில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியவர், இகாபோட் என்ற எலியை உருவாக்கினார். எலிகளின் நாட்டுக்குப் பெயர் டகலாண்டியா. மனிதரை எலியாக்கினால் தணிக்கைக்காரர் சிக்கலில் மாட்டிக்கொள்வார்: ‘இது நம் நாட்டைக் கேலி செய்கிறது’ என்று சொன்னால், நம் நாடும் அப்படித்தான் இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். பழைய உத்திதான், ஆனால் தினமும் செய்து காட்டுவது லேசில்லை. இதே மார்செலோதான் 1978இல், மார்க்கோஸ் பெயரில் வெளிவந்த வரலாற்று நூலை வைத்து, அவர் மகள் ஐமியின் தயாரிப்பில் முழுநீள அனிமேஷன் படமும் எடுத்தார். இரண்டையும் செய்தவர் ஒருவரே. எதிர்ப்பாளர், விலைபோனவர் என்று இரண்டு பெட்டி வைத்துக்கொண்டு போனால் இந்தக் காலத்துக் கலைஞர் ஒருவரையும் எதிலும் போட முடியாது.

1983 ஆகஸ்ட் 21இல் மார்க்கோஸின் எதிரணித் தலைவரும் கோரியின் கணவருமான நினோய் அக்கினோ விமான நிலையத்திலேயே சுடப்பட்டார். 1985 டிசம்பர் 9இல் இன்குவைரர் பிறந்தது. 1986 பிப்ரவரியில் மணிலாவின் எட்சா நெடுஞ்சாலையில் மக்கள் திரண்டு மார்க்கோஸ் நாட்டை விட்டு ஓடினார். அதன்பின் நாளிதழ்கள் மழைக்காளான்போல் முளைத்தன, காமிக்ஸ் பக்கங்களும் கூடவே. ஒரே ஸ்ட்ரிப்பைப் பல பத்திரிகைகளுக்கு விற்கும் அமெரிக்க சிண்டிகேட்டுகளிடமிருந்து வாங்கிப் போடுவது பத்திரிகைக்கு எப்போதுமே சுலபம். அவற்றோடு இடத்துக்குப் போட்டி போட வேண்டுமானால், உள்ளூர் ஓவியரிடம் அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்க வேண்டும். அது நேற்றைய மணிலா.

1988 மே 18இல் இன்குவைரரில் தொடங்கிய புகாட் பாபோய் இந்த வாய்ப்பை முழுசாகப் பிடித்துக்கொண்டது. வரைந்த போல் மெதினா ஜூனியர் கட்டடக்கலை படித்தவர், ஈராக்கில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒரு குடியிருப்பு, அதில் எல்லாரும் பருமன். நடுவில் சுங்கால் குடும்பம், அவர்கள் நாய் போல்காஸ். பேசும் நாய் மட்டும் இல்லை, வீட்டிலேயே அதிகம் விவரம் தெரிந்த ஆள் அதுதான்.

இந்தக் குடியிருப்பில் யார் யார் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பாருங்கள். டோமாஸ் விமானப்படையில் சார்ஜென்ட். கா நோலி காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட் போராளி. நாட்டின் நடுத்தீவுகளான விசயாவின் பேச்சு வாடையோடு வேலைக்காரி புரோசியா. வேலை வெட்டி இல்லாத பாப். இவர்கள் ஒரே மேசையில் பீர் குடிக்கிறார்கள். 1980களின் இறுதியில் அந்த நாட்டில் அரசுப் படையும் கம்யூனிஸ்ட்டுகளின் புதிய மக்கள் படையும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கோரி அக்கினோ ஆட்சியைக் கவிழ்க்க ராணுவத்துக்குள்ளிருந்தே திரும்பத் திரும்ப முயற்சி நடந்தது, 1989 டிசம்பரில் நடந்தது அதில் கடுமையானது. தலையங்கம் இவர்களில் ஒருவர் பக்கம் நின்றாக வேண்டும். ஸ்ட்ரிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சிப்பாய்க்கும் போராளிக்கும் ஒரே தெருவில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்ற உண்மையை மெதினா பாத்திரப் பட்டியலிலேயே சொல்லிவிட்டார்.

வெளிநாட்டு வேலையும் அப்படித்தான். 1974இன் தொழிலாளர் சட்டத்திலிருந்து ஆள் அனுப்புவது அரசின் கொள்கையாகவே ஆகிவிட்டிருந்தது. மெதினாவே போய்வந்தவர் என்பதால் அவர் கட்டங்களில் அது கண்ணீர்க் கதையாக வருவதில்லை. சாமான் பெட்டி, விமான நிலையம், விசாரிக்கும் உறவினர் என்று அன்றாடமாக வருகிறது. ஒரு நாடு எதை அன்றாடமாக எடுத்துக்கொண்டுவிட்டது என்று பார்க்க ஸ்ட்ரிப்பைவிட நல்ல இடம் கிடையாது. அதே நேர்மையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புரோசியாவின் உச்சரிப்பை வைத்துச் செய்யும் நகைச்சுவை மணிலாக்காரரின் நகைச்சுவை. விசயாவின் செபுவில் இருப்பவர் அதைப் படித்துச் சிரிப்பாரா என்பது வேறு. பெண்ணுடல் குறித்த நகைச்சுவைகளும் பல இடங்களில் பழசாகிவிட்டன. அவற்றையும் சேர்த்துத்தான் ஆவணம்.

இனி கையில் எடுத்துப் படிக்கிறவர்களுக்கு.

முதலில் தேதி. புத்தகத் தொகுப்பு கையில் கிடைத்ததும் அதை வைத்தே ஆராய்ச்சி தொடங்குவதுதான் அதிகம் நடக்கும் பிழை. தொகுப்பில் பெரும்பாலும் தேதி இருக்காது. வழக்கு வரும் என்று பயந்ததும், காலாவதியாகிவிட்டது என்று கருதியதும் விடுபட்டிருக்கும். தொகுப்பை வரைபடமாக வைத்துக்கொண்டு நாளிதழின் பக்கத்தைத் தேடிப் போக வேண்டும். மணிலாவில் டி. எம். கலாவ் தெருவில் உள்ள தேசிய நூலகமும் டிலிமானில் உள்ள பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக நூலகமும் தொடங்க நல்ல இடங்கள்.

பக்கங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த சுருளான மைக்ரோஃபிலிம் தருவார்கள். அதில் இரண்டு சங்கடம். கறுப்பு வெள்ளை முரண் அதிகம் என்பதால் சாம்பல் புள்ளி நிழல்கள் ஒன்று கறுத்துவிடும் அல்லது மறைந்துவிடும். குமிழில் உள்ள சின்ன எழுத்து இழைந்து ஒட்டிக்கொள்ளும், கையெழுத்து வசனம் என்றால் இன்னும் மோசம். மூல இதழ் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அதிலும் சிக்கல் உண்டு: தடியாகக் கட்டிய தொகுதியில் உள்விளிம்பு பத்தி தையலுக்குள் போய்விடும், ஸ்ட்ரிப்பின் முதல் கட்டமோ கடைசிக் கட்டமோ அதோடு போகும். அமிலத்தாள் பழுத்து ஓரம் உதிரும் என்பதால் விரித்து அழுத்தக் கூடாது. அந்தக் கட்டத்தை மட்டும் பக்கவாட்டில் வெளிச்சம் விட்டுப் படம் எடுப்பதே வழி.

அடுத்து இடைவெளி. ஓவியர் அன்றன்றைக்கு வரைந்து கொடுப்பதில்லை, சில நாட்களோ சில வாரமோ முன்னதாகக் கொடுத்துவிடுவார். ஆகவே ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்கு மறுநாள் வந்த ஸ்ட்ரிப் அதைப் பற்றியது என்று சொல்ல முன்னால் நிதானிக்க வேண்டும். ஒரு நிகழ்ச்சி நடந்த நாளிலிருந்து குறைந்தது ஒரு மாத ஸ்ட்ரிப்புகளை எடுத்துப் பாருங்கள். பேச்சு எந்த நாளில் திரும்புகிறது என்று தெரியும். திரும்பவே இல்லை என்றாலும் அது பதில்தான்.

பிறகு குமிழ்களை எண்ணுவது. ஒரு மாதத்துக்கு இருபத்தைந்து, முப்பது ஸ்ட்ரிப் வரும். ஒவ்வொரு குமிழுக்கும் மூன்று தகவல் குறித்தால் போதும்: பேசுவது யார், யாரிடம், எந்த மொழியில். கலந்து பேசினால் எந்தச் சொல்லில் மாறுகிறது என்பதையும் எழுதுங்கள். பணம், சட்டம், காதல், வசவு இந்த நான்கில்தான் தாவல் அதிகம். 1960களின் ஒரு மாதத்தையும் 1990களின் ஒரு மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஆங்கிலம் யாருடைய கையில் இருந்தது, யாருடைய கைக்கு வந்தது என்பது கட்டுரை படிக்காமலே புரியும்.

2001இல் இன்குவைரரில் வந்த மேனிக்ஸ் அப்ரேராவின் கிகோ மெஷினில் இந்த எண்ணிக்கை வேலை அலுப்பாக இருக்கும், ஏனென்றால் கட்டம் நிரம்ப வசனம். பெரும்பாலும் பெயரில்லாத மாணவர்கள், ஆய்வேடு முடியாத சோகம், எங்கிருந்தோ வரும் விசித்திரப் பிராணிகள். அவருடைய தந்தை ஜெஸ் அப்ரேரா அதே நாளிதழின் தலையங்கக் கார்ட்டூனிஸ்ட். தந்தை அதிகாரத்தில் இருப்பவர்களைப் பெயர் சொல்லியே அடிப்பார். மகனின் உலகில் அதிகாரம் பேராசிரியராகவோ அலுவலக மேலாளராகவோ வந்து போகும். அரசியல் குறைந்துவிட்டது என்று இதைக் குறை சொல்கிறார்கள். 2001 ஜனவரியில் எட்சாவில் இரண்டாம் முறை கூட்டம் கூடி எஸ்த்ராதாவை இறக்கிய பிறகும் பெரிதாக எதுவும் மாறாததைப் பார்த்த தலைமுறையின் சலிப்பாக எனக்கு அது தெரிகிறது.

எல்லை எங்கே இருந்தது என்பது 2013 ஜூனில் தெரிந்தது. மார்க்கோஸ் குடும்பத்தையும் ராணுவத்தையும் செனட்டர்களையும் இருபத்தைந்து வருடம் கேலி செய்த புகாட் பாபோய், கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிகளில் ஒருபால் உறவு குறித்த பாசாங்கைத் தொட்டது, ஒரு பள்ளியின் பெயரையும் சொன்னது. பள்ளி வழக்குக்குத் தயாரானது. இன்குவைரர் ஸ்ட்ரிப்பை நிறுத்தியது, மெதினா வெளியேறி ராப்ளர் இணையதளத்துக்குப் போனார். அந்த நாட்டில் அவதூறு இன்றும் குற்றவியல் சட்டத்தில்தான் இருக்கிறது. 2012இன் இணையக் குற்றச் சட்டம், இணையத்தில் செய்தால் தண்டனையை ஒரு படி உயர்த்துகிறது. ஓவியர்கள் பெயரை ஓர் எழுத்து மாற்றிப் போடுவது நகைச்சுவைக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது அந்த வேலை கைப்பேசித் திரைக்குப் போய்விட்டது. கிடைமட்ட வரிசையில் இருந்த கட்டங்கள் சதுரமாகி, ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டன. 2021 ஜூலையில் டரன்டாடோங் கல்போ என்ற பெயரில் வரையும் கெவின் ரேமுண்டோ ஒரு படம் போட்டார். அப்போதைய ஜனாதிபதி துதெர்தேயின் ஆதரவாளர்கள் காட்டும் முஷ்டி மனித உருவம்போல் தலை குனிந்து வரிசை வரிசையாக நிற்க, நடுவில் ஒன்று மட்டும் நிமிர்ந்து எழுகிறது. வசனமே இல்லை. மற்ற ஓவியர்கள் அதன் பக்கத்தில் தங்கள் தங்கள் உருவத்தையும் எழுந்து நிற்பதாக வரைந்து சேர்க்கத் தொடங்கினார்கள்.

இப்படிப்பட்டதைச் சேமிக்கும்போது மூலப் படத்தோடு நிற்காமல் சேர்ந்து வந்த மாற்றுப் படங்களையும், அவை ஒவ்வொன்றும் பதிவான தேதி நேரத்தையும், மேலே எழுதியிருந்த குறிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். பகிர்ந்து பகிர்ந்து வரும் பிரதிகளில் ஓரத்தில் இருக்கும் ஓவியரின் கையெழுத்துதான் முதலில் வெட்டுப்படும். அதனால் முதல் பதிவின் முகவரியைத் தனியே எழுதி வையுங்கள்.